மச்சில் என்ன இருக்கிறது?

பழைய ஓட்டு வீடுகள் இடிகின்றன. தடிக்கு விலை பேசுகிறோம், பாத்திரத்தை எடை போடுகிறோம். ஓலைக்கட்டு மட்டும் விறகோடு போகிறது. குமரி மாவட்டத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

"லே மக்கா, பைய எறக்கு. அது எங்கம்மை சீதனமாட்டு கொண்டுவந்த உருளியாக்கும்!"

முற்றத்தில் நின்று அண்ணாந்து கத்துகிறார் ஒரு பாட்டி. மேலே, மச்சின் சதுர வாசலில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு பையன். அவன் கைக்கு வருவதெல்லாம் கீழே நிற்பவன் கைக்கு இறங்குகிறது. உருளி, குட்டுவம், விளிம்பு உடைந்த மரக்கால், ஊறுகாய் போட்ட சீனப் பரணி, கால் ஒடிந்த தொட்டில், எலி கடித்த கடவம். பித்தளையும் வெண்கலமும் ஒருபக்கம் குவிகின்றன. ஆக்கர் கடைக்காரர் தராசோடு வந்துவிட்டார். தடி வியாபாரி உத்தரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "அயனி" என்கிறார். மத்தியானம் ஜே.சி.பி. வரும். கடைசியாகப் பையன் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டுகிறான். கயிறு கோத்த, கறுத்த, ஒடிந்த பனையோலைகள். "இது என்னத்துக்கு யம்மா?" பாட்டிக்கும் தெரியாது. அது விறகுக் குவியலில் விழுகிறது.

பறக்கையோ பூதப்பாண்டியோ இரணியலோ, பழைய வீடு இடிகிற எந்தத் தெருவிலும் இந்தக் காட்சிக்கு ஒரு சாயல் உண்டு. பங்கு பிரிந்து, பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய், ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல், ஒழுகி ஒழுகிக் கடைசியில் வீடு இடிபடுகிறது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒழுகுகிற வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் இடிப்பதற்கு முன்னால் மேலே என்ன இருக்கிறது என்று யாராவது நிதானமாகப் பார்க்கிறார்களா? இந்த மாவட்டத்தின் வரலாற்றில் பாதி அங்கேதான் இருந்தது.

புகைதான் காவல்

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நன்றாக நனைக்கிற மாவட்டம் இது. அதனால் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். கழுக்கோல், பட்டியல், அதன் மேல் ஓடு. கீழே சுவருக்குச் சுவர் உத்தரம் போட்டு, அதன் மேல் பலகை நிரத்தினால் மச்சு. ஓட்டுக்கும் பலகைக்கும் இடையில் ஆள் குனிந்து நடக்கிற உயரத்துக்கு ஓர் இருட்டறை. இரண்டு பக்கமும் முக்கோண முகப்பில் மர அழி. வெயிலில் ஓடு கொதிக்கும்போது மேலே சூடாகும் காற்று அந்த அழி வழியே வெளியேறிவிடும். மரம் வெப்பத்தைக் கடத்துவது கான்கிரீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சித்திரை வெயிலிலும் மச்சு வீட்டில் மின்விசிறி இல்லாமல் உறங்கியதாகப் பெரியவர்கள் சொல்வது வெறும் பெருமை இல்லை.

மச்சைக் காத்தது புகை. அடுக்களையில் விறகு எரியும். புகைபோக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகையில் பாதி மேலே ஏறி, பரணையும் மச்சையும் தடவிவிட்டுத்தான் வெளியே போகும். கழுக்கோல் கறுத்துப் பளபளக்கும். பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது. அங்கே வைத்ததெல்லாம் கெடாமல் கிடக்கும். ஆடி மழையில் இளகிப் போகிற கருப்பட்டி அடுப்புக்கு மேலே இருந்தால் கல் மாதிரி இருக்கும். உப்புப் போட்டு இடித்து வைத்த புளி, வற்றல், கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் வேண்டிய விதைநெல் எல்லாமே மேலேதான். சில வீடுகளில் பிரசவ மருந்துச் சாமானும் மேலேயே இருக்கும். பின்னாளில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வந்தபோது, சிறு விவசாயிகள் ஷீட்டை அடுக்களைப் புகையில்தான் தொங்கவிட்டார்கள். புகைப்புரை கட்ட வசதி இல்லாதவர்களின் புகைப்புரை அது.

*பெட்டிச் செய்தி: உருட்டினால் ஓசை*

*முற்றிய தேங்காயை உரிக்காமல் மச்சில் போட்டு எட்டு முதல் பன்னிரண்டு மாதம் மறந்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் வற்றி, பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்று, உருட்டினால் கடகடவென்று ஓசை கேட்கும். அதுதான் உருண்டைக் கொப்பரை. வெயிலில் வெட்டிக் காயவைக்கும் அரைவைக் கொப்பரையைவிட இதற்கு விலை அதிகம். 2025 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு உருண்டைக் கொப்பரை ரூ.12,100, அரைவைக் கொப்பரை ரூ.11,582.*

பிறகு கேஸ் அடுப்பு வந்தது. வரவேண்டியதுதான். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அடுக்களைப் புகையை ரசித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஊதாத ஆண்கள். பாட்டியின் இருமலுக்கும் கண் எரிச்சலுக்கும் சேர்த்துத்தான் கொப்பரை பழுத்தது.

ஆனால் புகை நின்றதும் மச்சு அநாதையானது. எந்தப் பூச்சியும் தொடாத பலகையில் மாவு மாவாகத் தூள் கொட்டத் தொடங்கியது. ஓடு ஒன்று விலகி ஒழுகினால் முன்பெல்லாம் புகைச் சூட்டில் காய்ந்துவிடும். இப்போது ஈரம் தங்கி, கறையான் சுவர் வழியே ஏறிவந்தது. வீடு பழசாகிவிட்டது என்று நாம் சொன்ன பல இடங்களில் நடந்தது இதுதான்.

விதைநெல்லுக்கும் வேலை போயிற்று. பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்து கால்வாயில் தண்ணீர் வந்த காலத்தில், நிலத்தையே விதைப்பாட்டால், அதாவது விதைக்கும் நெல்லின் அளவால், அளந்த ஊர் இது. இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் சொத்தை விசாரிப்பார்கள். கட்டிச்சம்பா போய் குறுகிய கால ரகங்கள் வந்தன. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் வந்தன. விதை கடையில் கிடைத்தது. வயல் வாழையாகி, வாழை பிளாட் ஆகி, சென்ட் கணக்கில் விற்றபோது, மரக்கால் மச்சில் கவிழ்ந்து படுத்துவிட்டது.

சாவி யார் இடுப்பில்?

'நம் பாரம்பரிய வீடு' என்று சொல்லும்போது அந்த 'நம்' யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தென் திருவிதாங்கூரில் எல்லோருக்கும் மச்சு வைக்க அனுமதி இருக்கவில்லை. 19-ம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மெட்டீர், ஒடுக்கப்பட்ட மக்கள்மீது இருந்த தடைகளை எழுதிவைத்திருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. அந்த வரிசையில் இதுவும் உண்டு: வீட்டை ஒரு நிலைக்கு மேல் உயர்த்திக் கட்டக் கூடாது. 1859-ல் அரச அறிவிப்பு வரும்வரை பெண்கள் தோளில் சீலை போடவே போராட வேண்டியிருந்த மண். பனையேறிகளின் ஓலைக்குடிசையிலும் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது, கருப்பட்டியும் இருந்தது. தலைக்கு மேலே பலகை போட்டு இன்னொரு நிலை வைத்துக்கொள்ளும் உரிமைதான் இல்லை. பின்னாளில் அதே குடும்பங்கள் படித்து, வேலைக்குப் போய், முதல் காரியமாக மாடி வீடு கட்டியதைக் கான்கிரீட் மோகம் என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மச்சு இருந்த வீட்டுக்குள்ளும் கதை ஒன்றும் சமத்துவமாக இல்லை. நாஞ்சில்நாட்டு வேளாளர் மருமக்கள்வழியில் இருந்த காலம்வரை, சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். அரங்கின் சாவியும் பத்தாயத்தின் சாவியும் மச்சின் சாவியும் குடும்பத் தலைவரான காரணவர் இடுப்பில். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நெல்லில் உரிமை இல்லை. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று எழுதி ஊரைச் சிரிக்கவும் கூசவும் வைத்தார். 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள்வழி ஆனது. நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து பெரிய வீடுகள் பங்கு பிரியத் தொடங்கின. நிலத்தைப் பிரிக்கலாம், பாத்திரத்தை எடைபோட்டுப் பிரிக்கலாம். மச்சில் கிடந்த ஓலைக்கட்டை யாரும் பங்கு கேட்கவில்லை.

மச்சின் பெரிய அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிற அரண்மனை. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது. மார்த்தாண்டவர்மா கட்டிய நான்கு நிலை உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், இடையே அரசர் படுக்கை, உச்சியில் சுவர் ஓவியங்களோடு பத்மநாபசுவாமிக்கான அறை. சாதாரண வீட்டில் நெல்லும் கருப்பட்டியும் இருந்த உயரத்தை அரசர் சாமிக்குக் கொடுத்துவிட்டார்.

மணலிக்கரையில் கிடைத்தது

இனி ஓலைக்கு வருவோம். விறகுக் குவியலில் விழுந்த அந்தக் கட்டில் என்ன இருந்திருக்கும்? பெரும்பாலும் ஜாதகம், வைத்தியக் குறிப்பு, நிலக் கடன் ஓலை, வில்லுப்பாட்டு ஏடு. சில நேரம் அதற்கும் மேலே.

காளிதாசன் தன் நாடகத்தில் பாசன் என்ற முன்னோடியின் பெயரைச் சொல்கிறான். பாசனின் பெயரைப் பல நூல்கள் சொல்லும், நாடகங்கள் மட்டும் யாரிடமும் இல்லை. பல நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோனவை என்றே முடிவு. 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிகிற நேரம், திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காகச் சுவடி தேடி அலைந்தவர் தி.கணபதி சாஸ்திரி. நெல்லைச் சீமைக்காரர். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் அவர் கைக்கு ஓர் ஓலைச்சுவடி வந்தது. பழைய மலையாள எழுத்து, 105 ஏடு, பத்து நாடகங்கள். இன்னும் தேடியதில் எண்ணிக்கை பதின்மூன்று ஆனது. 1912-ல் 'ஸ்வப்னவாசவதத்தம்' திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல் வரிசையில் அச்சாகி வந்தபோது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள்வரை பரபரப்பு. எல்லாமே பாசன் எழுதியதுதானா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. சண்டை போடவாவது ஏடு மிஞ்சியது.

இன்னொன்று நாம் நேரடியாகச் சொந்தம் கொண்டாட வேண்டியது. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பம் ஒருகாலத்தில் நாஞ்சில்நாட்டு நிர்வாகத்தில் இருந்தது. அந்த வீட்டு ஓலைகளைத் தேடி எடுத்துப் படித்து வெளியுலகுக்குச் சொன்னவர், கவிதைக்காக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் அதே கவிமணி. பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று நூலாகவே கொண்டுவந்தார். ராஜாவின் உத்தரவு, வரி, நிலக் கிரயம். அவற்றோடு ஆளை ஆளுக்கு விற்ற அடிமை ஓலைகளும். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முந்தைய காலத்தில் யார் யாரை என்ன விலைக்கு விற்றார்கள் என்பதற்கு அரண்மனைக் கல்வெட்டு சாட்சி சொல்லாது. வீட்டு ஓலைதான் சொல்லும்.

நம் பாட்டியின் மச்சில் கிடந்தது அப்படி எதுவுமாக இல்லாமலும் போகலாம். படித்துப் பார்த்தால்தானே தெரியும்?

*பெட்டிச் செய்தி: ஓலைக்கட்டு கையில் வந்தால்*

*கயிற்றை அறுக்காதீர்கள். ஏட்டின் வரிசையைக் காப்பது அதுதான். வெயிலில் போடாதீர்கள், தண்ணீரால் துடைக்காதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். வசம்பு, வேப்பிலை பக்கத்தில் இருக்கலாம். ஒடியாமல் விரிகிற ஏடுகளை மட்டும் இரு புறமும் வரிசையாகப் போட்டோ எடுங்கள்.*

*கொல்லம் ஆண்டு எழுதியிருந்தால் 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். எழுத்து தமிழாகவோ வட்டெழுத்தாகவோ மலையாளமாகவோ இருக்கலாம். படிக்க உதவி கேட்க: சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம்.*

தடிக்கு விலை உண்டு

பழைய வீட்டில் இன்று முதல் விலை தடிக்கு. ஆணி அடிக்காமல் பூட்டு வைத்துச் சேர்த்த வேலை என்பதால், தெரிந்த ஆசாரி நின்றால் ஒரு கழுக்கோலும் உடையாமல் பிரித்துவிடலாம். தேக்கு, அயனி, பிலாவு எல்லாம் நூறு வருஷம் புகை குடித்துக் காய்ந்த மரம். இனி வளையாது, வெடிக்காது. ரிசார்ட்டுக்கும் ஹோம் ஸ்டேக்கும் 'பாரம்பரிய' வரவேற்பறைக்கும் இதைத்தான் தேடுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. நம் பக்கத்துச் சரக்குக்கு மட்டாஞ்சேரி யூதத்தெருக் கடைகள் தூரமில்லை.

தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் இதை 1990-களிலேயே எழுதிவிட்டார். சாகித்ய அகாதமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' நாவலில் ஒரு பழைய குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகும். பெருமை பேசும் வாய் மட்டும் கடைசிவரை வீட்டிலேயே இருக்கும். அந்த நாவலைப் படித்துவிட்டு இங்குள்ள பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும் சுவரில் எங்கே எது மாட்டியிருந்தது என்று கண் தானாகத் தேடும்.

விற்பது தவறா? பசிக்கும் பிள்ளை ஃபீஸுக்கும் விற்பவரிடம் பாரம்பரியம் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. தெரியாமல் விற்பதுதான் வயிற்றெரிச்சல். வெண்கல உருளியை எடைக்குப் போடுகிறோம். எடைக்கு வாங்கியவர் அதைத் துலக்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கும்போது விலை பல மடங்கு ஏறுகிறது. நடுவில் இருப்பது நம் அவசரம்.

பிரான்ஸின் துலூஸ் நகரில் 2014-ல் ஒரு வீட்டு மச்சில் தண்ணீர் ஒழுகியது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க, பல காலமாகத் திறக்காத ஒரு மூலையைத் திறந்தார்கள். உள்ளே ஓர் ஓவியம். கரவாஜ்ஜோ வரைந்தது என்று நிபுணர்கள் சிலர் சொன்னார்கள், சிலர் மறுத்தார்கள். பத்து முதல் பதினைந்து கோடி யூரோ மதிப்பிட்டு 2019-ல் ஏலம் அறிவித்தார்கள். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரோ தனியாக வாங்கிக்கொண்டுவிட்டார்கள். நம் வீட்டு ஒழுகலில் கரவாஜ்ஜோ கிடைக்காது. ஒழுகுகிற மூலையை எட்டிப் பார்த்தார்களே, அது எந்த ஊருக்கும் ஆகும்.

*பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?*

*தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், உலோகக் கலைப்பொருள் போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு போதும். தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். அரசு அறிவித்த சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை.*

மச்சில் இன்னும் குடியிருப்பவர் ஒருவர் உண்டு, மரநாய். ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுக்கடியில் தடதடவென்று ஓடி, பூட்டிய வீட்டுக்குப் பேய்க்கதை சேர்ப்பது பெரும்பாலும் அதுதான். சட்டம் காக்கும் விலங்கு. கண்ணி வைக்கவோ கொல்லவோ கூடாது, வனத்துறையைக் கூப்பிட வேண்டும். ஆளில்லா வீடுகளில் வாடகை தராமல் இருந்து, எலியைத் தின்று, வீட்டுக்காரர் செய்யாத காவலை அது செய்கிறது என்றும் சொல்லலாம்.

மொட்டைமாடிக்கு மேலே

கான்கிரீட் வந்து மச்சை ஒழித்தது என்று கதையை முடித்திருக்கலாம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம்வரை பஸ்ஸில் உட்கார்ந்து இரு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். மொட்டைமாடி வீடுகள் பலவற்றின் தலையில் இரும்புச் சட்டமும் தகரமும் வைத்த சரிந்த கூரை. 'ட்ரஸ் ஒர்க்' என்கிறார்கள்.

காரணம் பழையதுதான். இரண்டு பருவமழை. தட்டையான தளத்தில் தண்ணீர் தேங்கி, சில ஆண்டில் விரிசல் விட்டு, கம்பி துருப்பிடித்து, படுக்கையறைச் சுவரில் ஈரப்படம் எழுதத் தொடங்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் கொட்டும். கெமிக்கல் பூசிப் பார்த்து, வெள்ளை அடித்துப் பார்த்து, கடைசியில் மேலே ஒரு சரிவுக் கூரை. ஆக, தளத்துக்கும் கூரைக்கும் இடையில் காற்று ஓடுகிற ஓர் இடம் திரும்பவும் பிறந்துவிட்டது.

அதற்கு வேலையும் கிடைத்துவிட்டது. மழைக்காலத்தில் துணி காய்வது அங்கே, நல்லமிளகு காய்வது அங்கே, ரப்பர் ஷீட் தொங்குவதும் அங்கேதான். நிச்சயதார்த்தத்துக்குப் பந்தி அங்கே. பத்தாம் வகுப்புப் பையனுக்குப் படிப்பறையும் அதுவே. பழைய மச்சில் பெண்கள் முதுகு குனிந்து ஏணியில் ஏற வேண்டும், இங்கே படிக்கட்டு இருக்கிறது, நிமிர்ந்து நிற்கலாம். இது சின்ன முன்னேற்றம் இல்லை.

ஒரு பயம் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஓடும் தகரமும் பறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. பழைய கூரையில் பளு அதிகம், நான்கு புறமும் சுவர் அணைப்பு, காற்று அழி வழியாக உள்ளே வந்து வெளியேறும். புதிய தகரக் கூரை நாலு பக்கமும் திறந்து நிற்பதால், காற்று அடியில் புகுந்து அப்படியே தூக்கும். தூணைத் தளத்தின் கம்பியோடு சரியாகப் பிணைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் வெல்டிங்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படி ஒரு புது மச்சின் மூலையில் ஒரு தார்ப்பாய்க்கடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தேன். பழுதான மிக்ஸி, தண்ணீர் கேன்கள், பிள்ளை விளையாடி விட்ட சைக்கிள், 1990-களின் கல்யாண வீடியோ கேசட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. காந்த நாடா இந்த ஈரக்காற்றில் இருபது ஆண்டு தாங்கினாலே பெரிது, சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. புகை குடித்த ஓலை முந்நூறு ஆண்டு தாங்கிய ஊர் இது. இந்தக் கேசட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை, அதை ஓட்டிப் பார்க்க வி.சி.ஆர். வேண்டுமென்றால் நாகர்கோவில் கடைகளில் அலைய வேண்டும். டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஸ்டூடியோக்கள் இன்னும் உண்டு. பூஞ்சை நாடா முழுக்கப் பரவுவதற்குள் எடுத்துக்கொண்டு போனால் சரி.